பாலே நடனமணி அன்னா பாவ்லோவா உண்மையிலேயே பெரிய கலைஞரா, விளம்பரத்தால் பேர் வாங்கியவரா?

பெரிய கலைஞர்தான். விளம்பரமும் இருந்தது, அதை ஏன் குற்றமாகப் பார்க்க வேண்டும்? மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பேத்திகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுப்பவள் நான். பாலே என் துறை இல்லை. ஆனாலும் வகுப்பில் பாவ்லோவாவின் பேச்சு அடிக்கடி வரும்.

1881இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். தாய் துணி வெளுத்துப் பிழைத்தவர். பத்து வயதில் அரசு நடனப் பள்ளியில் சேர்ந்து, 1899இல்தான் படிப்பை முடித்தார். (ஆறே மாதத்தில் "சலங்கை பூஜை (முதன்முறை சலங்கை கட்டும் சடங்கு) எப்போது டீச்சர்?" என்று கேட்கும் பெற்றோர் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.)

அன்று பாலேயில் மதிப்பு, உறுதியான காலுக்கும் அடுக்கடுக்கான சுழற்சிக்கும்தான். இவருக்கோ மெலிந்த உடல், அளவுக்கு மீறி வளைந்த பாதம். நுனிக்காலில் நிற்பதற்காகக் காலணிக்குள் கெட்டித் தோல் வைத்துக்கொண்டார். ஏமாற்று வேலை என்று சிலர் முணுமுணுத்தார்கள். இன்று அப்படியொரு தாங்கல் இல்லாத காலணியில் யார் ஆடுகிறார்கள்?

அவருடைய பலம் வேறிடத்தில் இருந்தது. நடன அமைப்பாளர் மிகயீல் ஃபோக்கின் அவருக்காக அமைத்த 'சாகும் அன்னம்' சில நிமிடங்களே நீளும். பெரிய தாவல் கிடையாது. நுனிக்காலில் பொடி நடை, அதற்கு மேலே கை, கழுத்து, முதுகு. என் கண்ணுக்கு அது சுத்தமான அபிநயம்.

1909இல் பாரிஸில் தியாகிலெவ் நடத்திய ரஷ்ய பாலே குழுவோடு ஆடினார், அங்கே நிலைக்கவில்லை. பிறகு சொந்தக் குழு, ஊர் ஊராகப் பயணம். 1922இல் ஜப்பான், சிங்கப்பூர், இந்தியா வரை வந்தார். நிகழ்ச்சிகள் பழைய பாணி, இசை மட்டம் என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனால் பாலேயைப் பார்த்தே இராத ஊர்களுக்கு அதைச் சுமந்து போனவர் அவர். 1931இல் அவர் உயிர் பிரிந்ததுகூடப் பயணத்தின் நடுவேதான், நெதர்லாந்தின் ஹேக் நகரில்.

நமக்கு முக்கியமான கதை ஒன்று உண்டு. ருக்மிணி தேவி இவரைச் சந்தித்து, இவரது குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உன் நாட்டு நடனத்தைத் தேடு என்று சொன்னவர் பாவ்லோவாதான். அப்படித் தேடிப் பரதத்துக்கு வந்த ருக்மிணி தேவியால் 1936இல் சென்னையில் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளி பிறந்தது.

அன்னத்தின் மௌனப் படம் இணையத்தில் இருக்கிறது. காலை விட்டுவிட்டுக் கைகளைப் பாருங்கள். நான் அதைப் பெரிய மாணவிகளுக்கு மட்டுமே காட்டுகிறேன். சின்னவர்கள் பார்த்தால் அரைமண்டியை (முழங்கால் மடக்கி நிற்கும் பரத நிலை) மறந்து நுனிக்காலில் ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள்.