பழைய இன்ஜின் ஆயில் கையில் பட்டால் புற்றுநோய் வருமா?

கேள்வி: டூவீலர் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். நானும் இரண்டு பையன்களும் தினமும் ஆயில் மாற்றுகிறோம். கை எந்நேரமும் கறுப்புதான். சாயங்காலம் பெட்ரோலில் கழுவிவிடுவோம். பழைய ஆயில் புற்றுநோய் தரும் என்கிறார்களே, உண்மையா? புது ஆயிலும் அப்படித்தானா?

பதில்: புது ஆயிலுக்காகப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். பழைய ஆயில் விஷயம் வேறு.

கச்சா எண்ணெயின் கனமான பகுதியில், பல பென்சீன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய சேர்மங்கள் உண்டு. நான்கு முதல் ஆறு வளையம் உள்ளவைதான் புற்றுநோய் தரும் வில்லங்கமானவை. சுத்திகரிப்பில் கரைப்பானோ ஹைட்ரஜனோ கொண்டு இவற்றைப் பெருமளவு நீக்கிவிடுகிறார்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, சரியாகச் சுத்திகரிக்காத கனிம எண்ணெயைப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் பிரிவிலும், நன்றாகச் சுத்திகரித்ததை, புற்றுநோய் தரும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லாத மூன்றாம் பிரிவிலும் வைத்திருக்கிறது. உங்கள் ஆயிலின் பாதுகாப்புத் தாளை டீலரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஐ.பி. 346 என்ற சோதனை முறைப்படி டி.எம்.எஸ்.ஓ. சாறு (டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் ஆயிலிலிருந்து பிரித்தெடுக்கும், இந்தச் சேர்மங்கள் அடங்கிய பகுதி) 3 சதவீதத்துக்குக் கீழே என்று இருந்தால் நல்லது.

இன்ஜினுக்குள் போனதும் கதை மாறுகிறது. பெட்ரோல் எரியும்போது உருவாகும் பென்சோபைரீன் போன்ற பல வளையச் சேர்மங்கள் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வந்து ஆயிலில் சேர்கின்றன. ஓட ஓடக் கூடிக்கொண்டே போகும். இந்த ஆயிலை எலித் தோலில் தொடர்ந்து தடவிய சோதனைகளில் புற்றுக்கட்டி வந்தது. ஒருநாள் பட்டதால் ஒன்றும் ஆகிவிடாது. வருடக்கணக்கில் தோலில் ஊறுவதுதான் ஆபத்து. ஆறிய ஆயிலிலிருந்து இந்தச் சேர்மங்கள் அவ்வளவாக ஆவியாவதில்லை, அதனால் மூக்கைவிடத் தோலைத்தான் கவனிக்க வேண்டும்.

பெட்ரோலில் கழுவுவதை இன்றே நிறுத்துங்கள். அது தோலின் இயற்கை எண்ணெயை உரித்துவிடும், பிறகு படும் அழுக்கு எளிதாக உள்ளே போகும். போதாததற்கு பெட்ரோலிலேயே புற்றுநோய் தரும் பென்சீன் இருக்கிறது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்து, பனியன் வேஸ்டால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவினாலே போதும். நகக்கண்ணுக்குப் பிரஷ். வேலைக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கிளவுஸ் போடுங்கள். கிழிந்தால் உடனே மாற்ற வேண்டும், உள்ளே ஆயில் புகுந்த கிளவுஸ் வெறுங்கையைவிட மோசம்.

பேன்ட் பையில் ஆயில் துணி வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சாலைகளில், இயந்திரத்தில் சாய்ந்து வேலை செய்தவர்களின் கால்சட்டையில், நூற்புக் கதிர்களுக்குப் போடும் ஸ்பிண்டில் எண்ணெய் ஊறி, பலருக்கு விதைப்பையில் புற்றுநோய் வந்தது. எண்ணெய் படிந்த உடுப்பை அன்றன்றே மாற்றுங்கள். வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

முன்கையிலோ விதைப்பையிலோ மரு போன்ற தடிப்பு, நான்கு வாரத்தில் ஆறாத புண் தெரிந்தால், வெட்கப்படாமல் தோல் மருத்துவரிடம் காட்டி, ஆயில் வேலை என்பதையும் சொல்லுங்கள். இந்தத் தொழிலை விட்டு இருபது வருடம் ஆனாலும் இது வரலாம்.

வடித்த ஆயிலை மூடியுள்ள பேரலில் சேர்த்து, பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கே கொடுங்கள். சென்ட்ரிங் பலகைக்கும் கரையான் பிடித்த கதவுக்கும் தடவ என்று கேட்டு வருவார்கள். கொடுக்காதீர்கள், அந்தக் கறுப்பு அடுத்தவர் கைக்குப் போகிறது, அவ்வளவுதான்.