பதில்: பில்டு செய்து ஏற்றியதும் வெள்ளைப் பக்கம்

நண்பரே, உங்கள் ரியாக்ட் ஆப் (ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் எழுதிய வெப் ஆப்) உங்கள் கணினியில் ஒழுங்காக ஓடுகிறது, பில்டு செய்து (சர்வரில் வைக்கும் ஃபைல்களாக மாற்றி) சர்வரில் 'பேனல்' என்ற துணை ஃபோல்டரில் ஏற்றினால் வெள்ளைப் பக்கம், பிரவுசர் கன்சோலில் மைம் டைப் (ஃபைல் எந்த வகை என்று சர்வர் சொல்லும் குறிப்பு) தப்பு என்று ஒரு சிவப்பு வரி என்கிறீர்கள். ரியாக்ட் கோடில் கை வைக்காதீர்கள், கோளாறு அங்கே இல்லை.

பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் உள்ள நெட்வொர்க் டேபில், பிழை காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலைக் கிளிக் செய்து ரெஸ்பான்ஸைப் பாருங்கள். ஸ்டேட்டஸ் 200, அதாவது 'சரி', என்றுதான் இருக்கும் (இதில்தான் பலர் ஏமாறுவது). உள்ளே பார்த்தால் ஸ்கிரிப்டுக்குப் பதில் இண்டெக்ஸ் பக்கத்தின் எச்டிஎம்எல். தனியாகச் சொல்லாதவரை வீட் (உங்கள் ஆப்பை பில்டு செய்யும் கருவி), எல்லா ஃபைலையும் டொமைனின் வேரிலிருந்து தேடும்படியே பில்டு செய்யும். அங்கே உங்கள் 'அசெட்ஸ்' ஃபோல்டர் இல்லை. இல்லாத எதைக் கேட்டாலும் இண்டெக்ஸைக் கொடு என்று என்ஜின்எக்ஸில் (உங்கள் வெப் சர்வர் மென்பொருளில்) எழுதி வைத்திருக்கிறீர்களே, அது 404 ('ஃபைல் இல்லை') சொல்லாமல் அதையே நீட்டிவிடுகிறது.

வீட் கான்ஃபிகில் 'பேஸ்' மதிப்பை '/பேனல்/' என்று, இருபுறமும் சாய்கோட்டோடு கொடுத்து மறுபடி பில்டு செய்யுங்கள். பில்டு ஃபைல்கள் வந்து விழும் 'டிஸ்ட்' ஃபோல்டரில் கையால் பாதையைத் திருத்துவது வீண், அடுத்த பில்டில் அழிந்துவிடும். எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று ஆப்புக்குள் தீர்மானிக்கும் ரௌட்டரின் 'பேஸ்நேம்' மதிப்பையும் அதே ஃபோல்டருக்கு மாற்றுங்கள். விட்டால் ஸ்கிரிப்ட் வந்தும் எந்த ரூட்டும் பொருந்தாது, மறுபடி வெள்ளைதான். என்ஜின்எக்ஸ் வரியும் '/பேனல்/' உள்ளே இருக்கும் இண்டெக்ஸைக் காட்ட வேண்டும்.

அதற்குப் பிறகும் அதே பிழை என்றால் பிரவுசர் பழைய இண்டெக்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். இண்டெக்ஸுக்கு மட்டும், சேமித்த பிரதியை சர்வரிடம் கேட்காமல் பயன்படுத்தாதே என்று பிரவுசருக்குச் சொல்லும் 'நோ-கேஷ்' ஹெட்டர் வையுங்கள். 'அசெட்ஸ்' ஃபோல்டரில் உள்ளவற்றின் பெயரிலேயே ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் மாறும் எழுத்துக் குறி) இருப்பதால் அவை எத்தனை நாள் கேஷில் கிடந்தாலும் பரவாயில்லை.