உங்கள் தேனில் எந்தப் பூ? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: தேனீப் பெட்டி இருப்பது ரப்பர் தோட்டத்துக்குள். ஆய்வகத்தில் கேட்டால் தேனில் ரப்பர் மகரந்தமே இல்லை என்கிறார்கள். அப்புறம் இது என்ன தேன்?

ரப்பர் தேன்தான். கன்னியாகுமரிப் பக்கம் அடிக்கடி வரும் குழப்பம் இது. தேனீ அங்கே பூவைத் தேடிப் போவதில்லை. இலையுதிர்ந்து ஜனவரி, பிப்ரவரி வாக்கில் தளிர் விடும்போது மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேருமிடத்தில் இனிப்பு நீர் சுரக்கும், தொட்டால் விரல் பிசுபிசுக்கும், அதைத்தான் உறிஞ்சிக்கொண்டு வருகிறது. இலைக்காம்பில் மகரந்தம் ஏது?

கே: ஆய்வக அறிக்கையில் தொட்டாச்சிணுங்கி பாதிக்கு மேல் என்று வந்திருக்கிறதே, நம்பலாமா?

எண்ணிக்கையை நம்பலாம். தேனைத் தண்ணீரில் கரைத்து, வேகமாகச் சுழற்றி, அடியில் படிந்ததை நுண்ணோக்கியில் வைத்து மகரந்த மணிகளை எண்ணுவார்கள். ஒரே செடியின் மணிகள் 45 சதவீதத்தைத் தாண்டினால் அதை முதன்மை என்பது வழக்கம். ஆனால் தொட்டாச்சிணுங்கி மகரந்தம் பொடியிலும் பொடி, கொஞ்சம் ஒட்டினாலே மணிகளின் எண்ணிக்கை எகிறிவிடும்; ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளில் நேர்மாறு, தேன் நிறைய வந்தாலும் மகரந்தம் கம்மியாகத்தான் தெரியும். அந்தச் சதவீதம் மணிகளுக்குத்தான், தேனுக்கு இல்லை.

கே: ஆய்வகச் செலவு கட்டுப்படியாகாது. நாமே கண்டுபிடிக்க வழி?

இருக்கிறது, என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். நம் இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள்ளேயே மேயும், அதனால் வாரம் ஒருமுறை நடந்துபோய் எது பூத்திருக்கிறது, எதில் தேனீ மொய்க்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். பெட்டி வாசலில் காலில் மஞ்சள் உருண்டையோடு வருவதை மட்டும் பார்த்து முடிவுகட்டாதீர்கள், அது மகரந்தம். காலில் ஒன்றுமில்லாமல் வயிறு புடைத்து வருகிறதே, பெரும்பாலும் அதுதான் தேன் கொண்டு வருவது. சாயங்காலம் அடையைச் சாய்த்தால் மூடாத அறைகளிலிருந்து அன்றைய வரவு சொட்டும். நாக்கில் வைத்துப் பாருங்கள்.

கே: தேன் சீக்கிரம் உறைந்துவிட்டது, சூரியகாந்தியா?

இருக்கலாம். கடுகும் ரப்பரும்கூட அப்படித்தான். குளுக்கோஸ் கூடுதலாக இருந்தால் உறையும், அதை வைத்துப் பூவைச் சொல்ல முடியாது.

கே: வீட்டில் ரெண்டு முருங்கை இருக்கிறது. 'முருங்கைத் தேன்' என்று லேபிள் ஒட்டலாமா?

வேண்டாம். ஏக்கர் கணக்கில் முருங்கை வேண்டும், அது பூக்கும் முன் பழைய தேனை எடுத்துவிட்டு பெட்டியில் தேன் சேரும் மேலடுக்கைக் காலியாக வைத்திருக்கவும் வேண்டும். அதுவரை 'பலமலர்த் தேன்' என்றே போடுங்கள்.