ஹைதராபாத்தில் ஒரே நாள்: வெள்ளிக்கிழமை வேண்டாம்
வரும் வெள்ளிக்கிழமை, முழங்கால் வலியுள்ள அம்மாவோடு கோல்கொண்டா, சார்மினார், சாலார்ஜங் மூன்றையும் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் தேதியை மாற்றுங்கள். சாலார்ஜங் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சனிக்கிழமை என்றால் ஒரு நாள் போதும்.

வெயில் ஏறும் முன்பே கோல்கொண்டாவுக்குப் போய்விடுங்கள். உச்சி வரை முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். அம்மாவை ஏற்ற வேண்டாம். அவர் கீழே வாயில் மண்டபத்தில் நின்று கைதட்டட்டும், நீங்கள் மேலே, உச்சியிலுள்ள பாலா ஹிசார் மண்டபத்தில் நின்று கேளுங்கள். அந்த ஒலியமைப்பு அத்தனை அற்புதம்! இருவருக்குமே கோட்டை பார்த்த நிறைவு கிடைக்கும்.

மதியம் சாலார்ஜங். முகத்திரையிட்ட ரெபேக்கா சிலையைத் தவறவிடாதீர்கள், பளிங்கில் மெல்லிய துணியையே வடித்திருக்கிறார்கள். அங்குள்ள இசைக் கடிகாரத்தில் பொம்மை மணியடிப்பதையும் உட்கார்ந்தே பார்க்கலாம். 1591இல் எழுந்த சார்மினாரை மாலையில் கீழிருந்து பார்த்தாலே போதும்.