குழந்தைகளுக்கு ஹவாய்ப் பாட்டு: உகுலேலே கேள்வி – பதில்

*நான்கு மாதமாக உகுலேலே (ஜி, சி, இ, ஏ என நான்கு தந்தி கொண்ட, சிறு கிட்டார் போன்ற கருவி) பழகுகிறேன். சி, எஃப், சி7, ஜி7 என்ற நான்கு கார்டுகளும் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடிகள்) கைக்கு வந்துவிட்டன. நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் முப்பது பேருக்கு முன்னால் எளிய ஹவாய்ப் பாட்டுகள் இரண்டு மூன்று பாட வேண்டும். எவற்றை எடுக்கலாம்?*
– மழலையர் பள்ளி ஆசிரியை, கோயம்புத்தூர்

ஹவாயில் பாட்டுக்கு ‘மெலெ’ என்று பெயர். அங்கே முதலிடம் சொல்லுக்குத்தான். அங்குள்ள நடனமான ஹூலாவை ஆடுபவரின் கைகள் அந்தச் சொல்லைக் காட்டும், தந்தி துணைக்கு வரும். பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே வரிசையில் போங்கள். இந்த வரியைக் குழந்தை கையால் காட்ட முடியுமா? மெட்டு அதன் குரலுக்கு எட்டுமா? இவ்விரண்டுக்கும் பிறகுதான் எத்தனை கார்டு என்று பார்க்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கார்டு எளிது என்பதற்காக ஒரு பாட்டை எடுப்பார்கள், மெட்டோ தாவித் தாவிப் போகும், குழந்தைகள் வாயே திறக்க மாட்டார்கள்.

முதல் பாட்டாக ‘பூப்பூ ஹினுஹினு’வை எடுங்கள். ‘மின்னும் சிப்பிகள்’ என்று பொருள். ஹூலா ஆசிரியை நோனா பீமர் (1923–2008) எழுதிய தாலாட்டு இது. கடற்கரையில் சிப்பி கிடக்கிறது, அதன் ஓசையைக் கேட்கிறோம், பிறகு தூங்குகிறோம். காட்ட வேண்டியவை மூன்றே கை அசைவுகள். எஃப், சி7 இரண்டு கார்டுகளிலேயே பாடிவிடலாம். எஃப் பிடிக்கும்போது சுட்டுவிரல் இ தந்தியில் முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பிகளுக்கு இடைப்பட்ட கட்டம்), நடுவிரல் ஜி தந்தியில் இரண்டாம் ஃப்ரெட்டிலும் இருக்கும். சி7-க்கு ஏ தந்தியில் முதல் ஃப்ரெட் மட்டும் போதும். அதாவது சுட்டுவிரல் அதே ஃப்ரெட்டில் பக்கத்துத் தந்திக்கு நகர்கிறது, நடுவிரல் எழுகிறது, அவ்வளவுதான். முழுக் கையையும் எடுத்து மறுபடி வைப்பதால்தான் தாளம் தடுக்குகிறது. நிமிடத்துக்கு 70 தட்டு அளவில், கட்டைவிரலால் மெதுவாக மேலிருந்து கீழே மட்டும் மீட்டுங்கள். தாலாட்டுக்கு நகத்தால் அடிக்கும் ஸ்ட்ரம்மிங் வேண்டாம்.

ஒவ்வொரு குழந்தையின் கையிலும் ஒரு சோழி இருந்தால் இந்தப் பாட்டு உயிர் பெறும். ஆனால் தாயம் ஆடும் சின்னச் சோழி இந்த வயதுக்கு ஆபத்து, வாயில் போட்டுக்கொள்வார்கள். நான்கு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய சோழியாகத் தேடுங்கள்.

அடுத்தது ‘காஹுலி அக்கு’ என்ற பழம்பாட்டு. காஹுலி என்பது மரத்தில் வாழும் வண்ண நத்தை. இந்த நத்தைகள் பாடும் என்பது ஹவாய் மக்களின் நம்பிக்கை. ‘அக்கு’ என்றால் அந்தப் பக்கம், ‘மை’ என்றால் இந்தப் பக்கம். ஒரு கையை வெளியே நீட்டி உள்ளே இழுத்தாலே முதல் இரண்டு வரிகள் முடிந்தன. பிறகு கோலெஅ பறவையைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார்கள். அலாஸ்காவிலிருந்து கடல் தாண்டி ஹவாய்க்கு வந்து குளிர்காலத்தைக் கழிக்கும் உப்புக்கொத்தி வகைப் பறவை அது. அதே இனம் குளிர்காலத்தில் நம் கடற்கரைகளுக்கும் வருகிறது, குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். ஓவஹு தீவின் மரநத்தைப் பேரினம் முழுவதும் 1981-லேயே அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆகவே இதை வெறும் விளையாட்டுப் பாட்டாக நினைத்துவிடாதீர்கள்.

மூன்றாவதாக, கொஞ்சம் சத்தம் போட, ஜாக் ஓவன்ஸ் 1948-ல் எழுதிய ‘ஹுக்கிலாவ்’ பாட்டு. ஓவஹு தீவின் லா’இயெ கிராமத்தில் ஊரே கூடி வலை இழுத்ததைப் பற்றியது. ‘ஹுக்கி’ என்றால் இழு, ‘லாவ்’ என்றால் இலை. வலைக்கயிற்றில் இலைகளைக் கட்டி மீனை விரட்டுவார்கள். நம் கரைவலையைப் பார்த்த குழந்தைக்கு விளக்கமே தேவையில்லை. பாட்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். கார்டுகள் சற்று அதிகம், அதனால் முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு முறை பாடுங்கள்.

*நான் பாடினால் என் மகனும் அவன் நண்பர்களும் சேர்ந்து பாடுவதில்லை, அல்லது அடிக்குரலில் முனகுகிறார்கள். என்ன தவறு?*
– ஒரு தந்தை, சிங்கப்பூர்

தவறு சுருதியில் இருக்கிறது. உங்கள் குரல் குழந்தைகளின் குரலைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது. அவர்கள் உங்களைப் பின்பற்றிக் கீழே இறங்கப் பார்க்கிறார்கள், அங்கே அவர்களுக்குக் குரலே கிடையாது.

நல்ல அளவுகோல் உங்கள் கையிலேயே இருக்கிறது. வழக்கமான ஜி-சி-இ-ஏ சுருதியில் சி தந்தியை வெறுமனே மீட்டினால் வருவது நடு சி. ஏ தந்தியில் மூன்றாம் ஃப்ரெட் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே. ஏழெட்டு வயதுக் குழந்தைகளுக்கு இந்த எல்லை போதும். நான்கைந்து வயதுக்கு இன்னும் குறுக்குங்கள்: சி தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டிலிருந்து வெறும் ஏ தந்தி வரை. பாட்டின் மெட்டை ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பாருங்கள், எல்லையைத் தாண்டினால் சுருதியை மாற்றுங்கள். பாடத் தொடங்கும் முன் முதல் வரியைத் தந்தியில் வாசித்துக் காட்டினால் பிள்ளைகள் உங்கள் குரலை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

எஃப் சுருதியில் (நம் கணக்கில் 4 கட்டை) அச்சிட்ட பாட்டுகளில் பி ஃப்ளாட் கார்டு அடிக்கடி வரும். ஒரே விரலால் இரண்டு தந்திகளை அழுத்த வேண்டியிருப்பதால் புதியவர்களுக்கு அது கரகரக்கும். ஒரு முழுச்சுரம் ஏற்றி ஜி-க்கு (5 கட்டை) போங்கள்: எஃப் இருந்த இடத்தில் ஜி, பி ஃப்ளாட்டுக்கு சி, சி7-க்கு டி7. டி7-க்கும் ஓர் எளிய பிடி உண்டு. ஜி, இ தந்திகளில் மட்டும் இரண்டாம் ஃப்ரெட்டை அழுத்தினால் போதும்.

*ஹவாய்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் பார்த்துப் படிக்கும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. தமிழில் எழுதிக் கொடுக்கலாமா?*
– நூலகர், யாழ்ப்பாணம்

தாராளமாக. தமிழ் எழுத்து இதற்கு மிக நன்றாகப் பொருந்துகிறது. ஹவாய் மொழியில் உயிர் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் குறில் நெடில் உண்டு. அ ஆ, இ ஈ, உ ஊ, எ ஏ, ஒ ஓ என்று அப்படியே நம் எழுத்தில் உட்காருகின்றன. ஆங்கில எழுத்தின் மேல் கோடு போட்டிருந்தால் நெடில், இல்லையென்றால் குறில். ‘மெலெ’யை ‘மேலே’ என்று படித்துவிடாதீர்கள், அது நம் நாக்கின் பழக்கம். எல்லா அசையும் உயிரில்தான் முடியும், எங்கும் புள்ளி வைத்த மெய்யில் முடியாது.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும். ஹவாய் மொழியில் க, ப இரண்டும் எங்கு வந்தாலும் வல்லொலிதான். நாமோ சொல்லின் நடுவில் வரும் ஒற்றைக் ககரத்தையும் பகரத்தையும் மெலிதாக்கிவிடுவோம். அதனால் ‘பூபூ’ என்று எழுதாமல் ‘பூப்பூ’ என்றும், ‘அகு’ என்று எழுதாமல் ‘அக்கு’ என்றும் எழுதுங்கள். ஆனால் இரட்டிப்பில் தங்கி நிற்காமல் சட்டென்று கடந்துவிட வேண்டும்.

இரண்டாவது, ’ஒக்கினா. தலைகீழ்க் காற்புள்ளி போல இருக்கும் அந்தக் குறி அலங்காரம் அல்ல, ஒரு மெய்யெழுத்து. தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும். விட்டுவிட்டால் பொருள் மாறும்: ‘கொ’உ’ என்றால் என்னுடையது, ‘கொஉ’ என்றால் உன்னுடையது. கருவியின் பெயரே அந்த அடைப்பொலியில்தான் தொடங்குகிறது. அங்கே அதை உக்குலெலெ என்பார்கள். ‘யூகலேலி’ என்பது ஆங்கில வழக்கு.

குழந்தைகளுக்கு வரிகளை அச்சிட்டுத் தர வேண்டாம். ஒரு வரியை நீங்கள் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்ல, மூன்று முறை. கையும் கூடவே அசையட்டும்.

*ஹவாய்ப் பாட்டுகளின் தொடக்கத்திலும் சரணங்களுக்கு நடுவிலும் ஒரு சின்ன வாசிப்பு வருகிறதே, அது என்ன?*
– கல்லூரி மாணவி, மதுரை

அதை ‘வாம்ப்’ என்பார்கள். சி சுருதியில் டி7 இரண்டு தட்டு, ஜி7 இரண்டு தட்டு, சி நான்கு தட்டு. இதை இரண்டு முறை வாசிக்க வேண்டும். எஃப் சுருதியில் ஜி7, சி7, எஃப். மூச்சு வாங்கவும், சுருதியைக் காதில் ஏற்றவும், ஆடுபவர் அடுத்த சரணத்துக்குத் தயாராகவும் இது இடம் தருகிறது. அவசரத்தில் ஒரு முறையோடு நிறுத்தினால் குழந்தைகள் பாதிப்பேர் முந்திக்கொள்வார்கள். இரண்டாம் முறையின் கடைசி இரண்டு தட்டில் அடுத்த வரியின் முதல் சொல்லைக் கூவிக் கொடுங்கள். ஹூலாவிலும் இப்படித்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

*தவிர்க்க வேண்டிய பாட்டு ஏதும் உண்டா?*
– வாசகர், டொராண்டோ

உண்டு. ‘கௌலானா நா பூஅ’ துள்ளலான மெட்டு. கேட்டதும் குழந்தைப் பாட்டு என்றே தோன்றும். ஆனால் 1893-ல் ஹவாய் அரசி லிலி’உஒக்கலானி பதவியிறக்கப்பட்டதை எதிர்த்து எழுந்த பாட்டு அது. பொருள் சொல்லாமல் கைதட்டிப் பாடுவது அந்த மக்களுக்கு நாம் செய்யும் அவமரியாதை. ‘ஹவாய்’இ பொனொ’ஈ’ முன்பு அந்நாட்டின் தேசியகீதம், இப்போது மாநிலப் பாட்டு. எழுந்து நின்று பாடுவதாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

அந்த அரசியே 1878-ல் இயற்றிய ‘அலொஹா ’ஒஎ’ விடைபெறும் பாட்டு. முடிவில் பாடலாம், ஆனால் மெட்டு அகலமானது. சரணத்தை நீங்கள் பாடுங்கள், பல்லவியில் மட்டும் குழந்தைகள் சேரட்டும். பிளாஸ்டிக் புல்பாவாடை வேண்டவே வேண்டாம். ஹூலா அங்கே குரு வழியாகக் கற்கும் கலை. நம் பரதத்தை யாரேனும் வேடிக்கை உடையில் ஆடிக்காட்டினால் நமக்கு எப்படி இருக்கும்?

*நிகழ்ச்சியின் நடுவிலேயே சுருதி இறங்கிவிடுகிறது.*
– வாசகி, திருச்சி

புதுத் தந்தி நைலானோ ஃப்ளூரோகார்பனோ, எதுவானாலும் சில நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். ஏசி அறையில் பாடுவதாக இருந்தால் அரை மணி முன்னதாகக் கருவியை அந்த அறையில் வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேருங்கள். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேர்க்க வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கி மறுபடி ஏற்றுங்கள், இல்லையென்றால் முறுக்காணியில் இருக்கும் தளர்வு பாட்டின் நடுவில் தந்தியை இறக்கிவிடும். இதெல்லாம் செய்தும் கார்டு கசந்தால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். வெறும் தந்தியின் மேல் ஸ்தாயி சரியாக ஒலிக்காவிட்டால் தந்தியோ கருவியோதான் காரணம். புதுத் தந்தி மாட்டியும் மாறவில்லை என்றால் கருவியை மாற்றுங்கள்.