விளையாட்டுக்குள் இருக்கும் சூது

மதிப்பிற்குரிய ஐயா,

ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் வந்தபோது எழுதிய கட்டுரையில், 'வீடியோ கேமையும் சூதாட்டத்தையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்' என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. என் தம்பி ஆன்லைன் ரம்மியில் சிக்கி, அம்மாவின் நகைகளை அடகு வைக்கும் அளவுக்குப் போனவன். கல்லூரி நாட்களில் இராப்பகலாகக் கம்ப்யூட்டர் கேம் ஆடியவனும் அவன்தான். இப்போது என் மகனுக்குப் பதினான்கு வயது. செல்போனில் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டே கதி என்று கிடக்கிறான். சென்ற மாதம் என் வங்கிக் கணக்கிலிருந்து சிறுசிறு தொகையாக இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போயிருந்தது. கேட்டால், "நான் என்ன சீட்டா ஆடினேன்? சக்கரத்தைச் சுற்றினேன். விளையாட்டில் என் ஆளுக்கு நல்ல சட்டை விழும் என்று பார்த்தேன், விழவில்லை" என்கிறான். 'மாமன் போன வழியில் மருமகன் போகிறான்' என்று என் மாமியார் சொல்லிக் காட்டுகிறார். இன்றைக்கு கேம், நாளைக்கு ரம்மி என்பதுதானே உண்மை? போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தவிர்த்திருக்கிறேன்.)

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரே மூட்டையில் கட்டக்கூடாது என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் உங்கள் மகனின் இரண்டாயிரம் ரூபாய் எந்த மூட்டையில் சேரும் என்று கேட்டால், தயங்காமல் சூது என்பேன். அவன் சுட்டதும் ஓடியதும் ஒளிந்ததும் விளையாட்டு. சக்கரத்தைச் சுற்றிய அந்தச் சில நிமிடங்கள் சூது. இரண்டும் ஒரே திரையில் நடப்பதால் உங்களுக்கும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. பிரித்துப் பார்க்க முடியாதபடிதான் அதை அமைத்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குப் பொதுவாக 'லூட் பாக்ஸ்' என்று பெயர். சில விளையாட்டுகளில் பெட்டி, சிலவற்றில் சக்கரம், கால்பந்து விளையாட்டில் வீரர்களின் அட்டைக்கட்டு. பணத்தை முதலில் கட்ட வேண்டும், என்ன கிடைக்கும் என்பது பிறகுதான் தெரியும். மிகப் பிரபலமான 'கவுன்டர்-ஸ்ட்ரைக்' விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 முதல் அதில் பெட்டிகள் உண்டு. பெட்டியைத் திறக்கச் சாவி வேண்டும், ஒரு சாவி 2.49 டாலர். சாவியைப் போட்டதும் வண்ண வண்ணத் துப்பாக்கிகளின் படங்கள் 'டிக் டிக்' என்ற ஒலியுடன் வரிசையாக ஓடும். பிறகு வேகம் குறையும். நடுவில் ஒரு கோடு. அரிய பொருள் ஒன்று அந்தக் கோட்டை நெருங்கி, ஒரு கட்டம் தள்ளி நின்றுவிடும். கோட்டின் கீழ் இருப்பதோ எல்லோரிடமும் இருக்கிற மலிவான துப்பாக்கி. ஐயோ, மயிரிழையில் தப்பியதே என்று பையன் தலையில் அடித்துக்கொள்வான். உண்மையில் எதுவும் தப்பவில்லை. என்ன கிடைக்கப்போகிறது என்பது படங்கள் ஓடத் தொடங்கும் முன்பே முடிவாகிவிட்டது. ஓடியதெல்லாம் வெறும் கண்காட்சி.

சீனா 2017-இல் ஒரு நல்ல காரியம் செய்தது. பெட்டியிலிருந்து எந்தப் பொருள் விழ எத்தனை சதவீத வாய்ப்பு என்பதை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்று விதித்தது. அதனால்தான் கவுன்டர்-ஸ்ட்ரைக் பெட்டியின் கணக்கு வெளியே வந்தது. கடைசித் தரப் பொருள் விழும் வாய்ப்பு 79.92 சதவீதம். எல்லோரும் ஆசைப்படுகிற கத்தி போன்ற அரிய பொருளுக்கு 0.26 சதவீதம். சராசரியாக 385 பெட்டிக்கு ஒன்று. சாவிக்கு மட்டுமே 950 டாலருக்கு மேல் ஆகும்.

அந்த 'மயிரிழை'யைக் கொஞ்சம் கவனியுங்கள். காசு போட்டுப் படங்களைச் சுழலவிடும் ஸ்லாட் என்ற சூதாட்ட இயந்திரங்களில் பல காலமாக இருக்கும் உத்தி அது. 2009-இல் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் என்பவரும் அவருடைய குழுவினரும் மூளை ஸ்கேன் வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரே ஒரு கட்டம் தள்ளி வெற்றியைத் தவறவிட்டவர்களுக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் முழுத் தோல்வி அடைந்தபோது இருந்ததைவிட மறுபடி ஆடும் ஆசை கூடியிருந்தது. வெற்றிக்குத் துடிக்கும் மூளைப் பகுதிகள் அந்தத் தோல்விக்கும் துடித்தன. பதினான்கு வயதுப் பையனின் கையில் இருக்கும் போனுக்கு இந்த உத்தியைக் கொண்டுவந்தவர்கள், விளையாட்டை மேலும் சுவாரஸ்யமாக்க நினைத்தோம் என்று சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. கேமிலிருந்து சூதுக்குப் பாதை இருக்கிறதா? 2018-இல் டேவிட் ஸெண்டில், பால் கேர்ன்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 7,422 விளையாட்டாளர்களிடம் கருத்தாய்வு நடத்தினார்கள். சூதாட்டச் சிக்கல் யாரிடம் தீவிரமாக இருந்ததோ அவர்களே லூட் பாக்ஸுக்கும் அதிகம் செலவழித்தார்கள். விளையாட்டுக்குள் வேறு பொருள்களை விலை பார்த்து நேரடியாக வாங்குவதற்கும் சூதாட்டச் சிக்கலுக்கும் இந்த அளவு நெருக்கம் இல்லை. பிறகு வந்த பல ஆய்வுகளும் இதே தொடர்பைக் கண்டிருக்கின்றன. ஆனால் எது எதற்குக் காரணம் என்பது அதில் இல்லை. பெட்டி திறந்து பழகியவர்கள் சூதாடிகளாகியிருக்கலாம். ஏற்கெனவே சூதில் வீழ்ந்தவர்கள் பெட்டியைக் கண்டதும் பாய்ந்திருக்கலாம். இதைச் சொல்லித்தான் நிறுவனங்கள் தப்பித்துக்கொள்கின்றன. எனக்கு அந்த வாதம் எடுபடவில்லை. முதலாவது உண்மையானால் அவர்கள் சூதாடிகளை உருவாக்குகிறார்கள், இரண்டாவது உண்மையானால் ஏற்கெனவே நோயில் கிடப்பவர்களிடம் கறக்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கல்லாவில் விழுவது ஒரே பணம்.

இதில் உங்களுக்குப் பயன்படும் சேதி ஒன்று உண்டு. எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்பதை மட்டும் வைத்து அவன் சூதாடியாவான் என்று ஜோசியம் சொல்ல முடியாது. எதற்குப் பணம் போகிறது என்பதைப் பாருங்கள். நேரம் தனிச் சிக்கல்தான், இல்லை என்று சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனமே 2022-இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறையும் விளையாட்டுக் கோளாறையும் அடுத்தடுத்து, ஆனால் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது.

அரசாங்கங்களின் கதை பெரியது, சுருக்கிவிடுகிறேன். பெல்ஜியம் 2018-இல் இந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. நெதர்லாந்தில், வீரர் அட்டைக்கட்டு விற்கும் அந்தக் கால்பந்து வீடியோ கேம் நிறுவனத்துக்கு விதித்த ஒரு கோடி யூரோ அபராதம் 2022-இல் நீதிமன்றத்தில் கவிழ்ந்தது. அதே நிறுவனத்தின் அதிகாரி 2019-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன், இவை லூட் பாக்ஸ் அல்ல, 'வியப்பூட்டும் ஏற்பாடுகள்' என்றும், குழந்தைகளுக்கான பொம்மை வைத்த சாக்லேட் முட்டையைப் போன்றவை என்றும் விளக்கம் சொன்னார். ஆயிரம் டாலருக்குச் சாக்லேட் முட்டை தின்ற குழந்தை எது என்று யாராவது கேட்டிருக்கலாம். நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம், வெல்லும் எதிர்பார்ப்போடு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதம் பார்க்காமல் தடுக்கிறது. உங்கள் மகன் சுற்றிய சக்கரத்தை அது பெயர் சொல்லித் தொடவில்லை. அவனுக்கு விழுவது பணமல்ல, சட்டைதானே!

உங்கள் தம்பியின் விஷயம் வேறு. கேமுக்கும் ரம்மிக்கும் உண்மையான பாலம் அங்கேதான் இருக்கிறது என்பது என் ஊகம். ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொல்லிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தமிழக அரசின் தடைச் சட்டத்தை ரத்து செய்ததும், 2023-இல் அடுத்த சட்டத்திலிருந்து ரம்மியையும் போக்கரையும் விலக்கியதும் இந்த அடிப்படையில்தான். சட்டத்துக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் வருடக்கணக்கில் கேம் ஆடிய ஒரு இளைஞனின் காதில் 'திறமை' என்ற சொல் எப்படி விழும் என்று யோசியுங்கள். தோற்றால் பயிற்சி செய், மறுபடி ஆடு, ஒருநாள் ஜெயிப்பாய் என்பதுதான் கேம் அவனுக்குக் கற்றுக்கொடுத்த பாடம். கேமில் அது உண்மையும்கூட. அதே நம்பிக்கையோடு அவன் ரம்மி மேஜையில் உட்கார்ந்தால், ஒவ்வொரு தோல்வியும் அவனுக்குப் பயிற்சியாகத் தோன்றும். மேஜையை நடத்துகிறவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பங்கை எடுத்துக்கொண்டே இருப்பார்.

எலன் லாங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1975-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குப் பொருத்தமானது. அலுவலக ஊழியர்களுக்கு ஒரு டாலர் லாட்டரிச் சீட்டு விற்றார்கள். சிலர் தாங்களே சீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கையில் கொடுத்தார்கள். பிறகு, திருப்பி விற்க என்ன விலை வேண்டும் என்று கேட்டபோது, கொடுத்ததை வாங்கிக்கொண்டவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள். தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் கேட்டது 8.67 டாலர். சீட்டில் எந்த வேறுபாடும் இல்லை. என் கை பட்டது என்ற ஒன்றுதான் கூடுதல். லாட்டரியிலேயே இந்தப் பாடு என்றால், பதின்மூன்று சீட்டைக் கையில் வைத்து அடுக்கிக் கலைத்துச் சேர்க்கும் ஆட்டத்தில் எப்படி இருக்கும்?

போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் நண்பனின் போனில் ஆடுவான், பணத்துக்கும் வேறு வழி பார்ப்பான். உங்கள் வங்கிக் கணக்கை அந்த போனிலிருந்து துண்டியுங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் உங்கள் கடவுச்சொல் கேட்கும்படி ஆப் ஸ்டோரில் மாற்றிவையுங்கள். பிறகு ஒருநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சக்கரத்தைக் காட்டச் சொல்லுங்கள். வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்று ஆப்பிள் 2017 முதலும் கூகுள் 2019 முதலும் விதி வைத்திருக்கின்றன. எங்காவது ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் நிகழ்தகவு வருகிறது, அந்தச் சட்டை விழ எத்தனை ரூபாய் ஆகும் என்று அவனே கணக்குப் போடட்டும். திட்டாதீர்கள், விடையை மட்டும் கேளுங்கள். மாமன் வழியில் மருமகன் என்ற பேச்சு அவன் காதில் விழாமல் மாமியாரிடம் சொல்லிவையுங்கள். தன் தலையெழுத்து அதுதான் என்று ஒரு பையனை நம்பவைப்பது நல்லதற்கில்லை.

தம்பியைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்தியச் செயலிகள் பண ஆட்டத்தை நிறுத்தியதால் அவர் மீண்டுவிட்டார் என்று இருந்துவிடாதீர்கள். வெளிநாட்டுத் தளங்கள் திறந்தேதான் இருக்கின்றன. கடனை அடைக்க உதவுவதாக இருந்தால் கடன் கொடுத்தவரிடம் நேராகக் கட்டுங்கள், அவர் கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். 14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அவர் பேச மறுத்தால் முதல் அழைப்பை நீங்களே செய்யுங்கள்.