ஒரே மழை, இரண்டு கணக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வானிலைக் கருவிகள் வைத்திருக்கிறோம். மொட்டைமாடியில் இருப்பது, சின்ன வாளி நிரம்பிச் சாய்வதை எண்ணிக் கணக்குப் போடும் சாயும் வாளி வகை. தோட்டத்தில் கம்பத்தின் மேல் இருப்பது, துளி விழும் அதிர்வை உணர்ந்து கணக்குப் போடும் பீசோ வகை. போன வாரம் ஒரே இரவு மழைக்கு மாடியில் 41 மில்லிமீட்டர், தோட்டத்தில் 52 மில்லிமீட்டர். நாலு மாதமாக இதே கதைதான். எதை நம்புவது? இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: சராசரி வேண்டாம். மாடியில் இருப்பது குறைத்துக் காட்டுகிறதா, தோட்டத்தில் இருப்பது கூட்டிக் காட்டுகிறதா என்று தெரியாமல் எடுக்கும் சராசரிக்கு அர்த்தமே கிடையாது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கருவியின் வகையை எழுதியிருக்கிறீர்கள், இருக்கும் இடத்தையும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பழியைக் கருவியின் மேல் மட்டும் போட்டுவிட்டீர்கள். இங்கே வேறுபடுவது கருவி மட்டும் இல்லை, இடமும்தான்.

உயரம் மழைக் கணக்கை எவ்வளவு மாற்றும் என்பது வெகுகாலத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் மூன்று மழைமானிகளை வைத்துப் பார்த்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் உச்சியில் ஒன்று, பக்கத்து வீட்டுக் கூரையில் ஒன்று, அந்தக் கூரையைவிடத் தாழ்வாக ஒன்று. ஓராண்டுக் கணக்கில், தாழ்வாக இருந்ததில் சேர்ந்ததில் ஏறக்குறைய பாதிதான் அபேயின் உச்சியில் சேர்ந்திருந்தது. 1769-இல் அதை வெளியிட்டார். காரணம் அப்போது பிடிபடவில்லை. உயரத்தில் வீசும் காற்று மானியின் விளிம்பில் மோதி மேலெழும்பி, உள்ளே விழ வேண்டிய துளிகளை அப்பால் தள்ளிவிடுகிறது என்பதை 1861-இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கில அறிஞர் விளக்கினார். உங்கள் மாடியிலும் அதே காற்றுதான் வீசுகிறது. கைப்பிடிச் சுவர் ஓரமாக வைத்திருந்தால் சுழல் இன்னும் கூடுதல்.

எனக்கும் இதே குழப்பம் இருந்தது. மாடியில் ஒன்று, கீழே ஒன்று, மாடியில் இருந்தது எப்போதும் குறைவு. கருவி பழுது என்றே முடிவுகட்டிவிட்டு, திருப்பி அனுப்பப் பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். அப்புறம்தான் இரண்டையும் இடம் மாற்றி வைத்துப் பார்க்கத் தோன்றியது. மாற்றிய பிறகு வந்த நாலு மழையிலும், முன்பு குறைத்துக் காட்டியது கீழே இறங்கி ஒழுங்காகக் காட்டியது. முன்பு சரியாகக் காட்டியது மாடிக்குப் போய்க் குறைத்துக் காட்டியது. குறை இடத்தில் இருந்திருக்கிறது. நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். வித்தியாசம் கருவியோடு நகர்ந்தால் கோளாறு கருவியில், இடத்திலேயே தங்கினால் கோளாறு இடத்தில். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கவும் வாய்ப்புண்டு.

அதற்கு அடுத்தது, இரண்டுக்கும் நடுவில் ஒரு நடுவர். பேட்டரி இல்லாத, திரை இல்லாத, நேரான சுவர் கொண்ட ஒரு பாத்திரம் போதும். நான் வைத்திருப்பது 10 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருளை. அதில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 7.85 மில்லிலிட்டர் தண்ணீர். மழை விட்டதும் எடுத்துவந்து, வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டு, சமையலறைத் தராசில் வைத்து, காலிப் பாத்திரத்தின் எடையைக் கழிப்பேன். ஒரு கிராம், ஒரு மில்லிலிட்டர். அளவுகோல் வைத்துப் பார்ப்பதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் தண்ணீரின் மேல்பரப்பு ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்து நிற்கும். எந்தக் கோட்டைப் படிப்பது என்று கண் தடுமாறும். கண்ணால்தான் படிக்க வேண்டும் என்றால் கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி, குழிவின் அடிப்பகுதியைப் படியுங்கள். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும், தண்ணீர் ஆவியாகிவிடும்.

இந்தப் பாத்திரத்தைத் தோட்டத்துக் கருவியின் பக்கத்தில், அதே உயரத்தில் வையுங்கள். பக்கத்தில் சுவரோ மரமோ இருந்தால், அது மானியின் வாயைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறதோ, குறைந்தது அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைக்க வேண்டும்.

இனி சாயும் வாளி. புனலில் விழும் தண்ணீர் சின்ன வாளியில் சொட்டும். நிரம்பியதும் அது சாய்ந்து கொட்டிவிடும், மறுபக்கத்து வாளி புனலுக்கு நேரே வரும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு காந்தம் ஒரு சுவிட்சைத் தாண்டிப் போகும், கருவி ஒன்று கூட்டிக்கொள்ளும். 17-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்டோபர் ரென் என்ற ஆங்கிலக் கட்டடக் கலைஞர் யோசித்த ஏற்பாடு, இன்றும் அதே அடிப்படைதான். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை என்பதால் நாமே சோதித்துவிடலாம். புனலின் குறுக்களவைச் சென்டிமீட்டரில் அளந்து, பாதியாக்கி, அந்தப் பாதியை அதனாலேயே பெருக்கி, பிறகு 3.14-ஆல் பெருக்குங்கள். வருவதைப் பத்தால் வகுத்தால், 1 மில்லிமீட்டர் மழைக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று கிடைக்கும். 20 சென்டிமீட்டர் புனலுக்கு 31.4. அப்படியானால் 314 மில்லிலிட்டர் ஊற்றினால் திரையில் 10 மில்லிமீட்டர் வர வேண்டும். ஒரு சாய்வு 0.2 மில்லிமீட்டர் என்றால் 50 சாய்வு.

ஆனால் மொண்டு ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியில் ஊசியால் ஒரே ஒரு துளை போட்டு, அடிப்பக்கத்தில் காற்று புக இன்னொரு துளை போட்டு, புனலுக்கு மேலே கவிழ்த்துக் கட்டிவிடுங்கள். ஒரு மணி நேரமாவது சொட்டட்டும். நான் முதல் தடவை அவசரப்பட்டுச் சில நிமிடங்களில் ஊற்றியதில் 50-க்கு 45 சாய்வுதான் வந்தது. சொட்டவிட்டபோது 49 வந்தது. வாளி சாய்ந்து முடிய அரை நொடிபோல ஆகும். அந்த நேரத்தில் விழும் தண்ணீரின் ஒரு பகுதி, ஏற்கெனவே நிரம்பிய வாளியிலேயே விழுந்து கணக்கில் வராமல் போகிறது. மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டினால் 7 நொடிக்கு ஒரு சாய்வு. ஏழு நொடியில் அரை நொடி போனால் இழப்பு கண்ணுக்குத் தெரியத்தானே செய்யும்! கொட்டு மழையில் இந்த வகை குறைத்துக் காட்டுவது இதனால்தான். சொட்டவிட்டும் கணக்கு இடித்தால் முதலில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கருவி ஒருபக்கம் சரிந்திருந்தாலே வாளி நேரம் தப்பிச் சாயும். மட்டம் சரி என்றால் வாளிக்குக் கீழே உள்ள திருகையோ, செயலியில் உள்ள பெருக்கு எண்ணையோ திருத்தலாம்.

பீசோவை இப்படித் தண்ணீர் ஊற்றிச் சோதிக்க முடியாது. அது தண்ணீரை அளப்பதே இல்லை, துளியின் அடியை அளக்கிறது. அரை மில்லிமீட்டர் துளி நொடிக்குச் சுமார் 2 மீட்டர் வேகத்தில் விழும்; 5 மில்லிமீட்டர் துளி சுமார் 9 மீட்டர் வேகத்தில். பெரிய துளியின் எடை சின்னதைப்போல் ஆயிரம் மடங்கு, வேகத்தையும் சேர்த்தால் மோதும் ஆற்றல் இருபதாயிரம் மடங்கு. இத்தனை அகலமான வீச்சை ஒரே தகடு உணர்ந்து, அதை மில்லிமீட்டராகவும் மாற்ற வேண்டும். நுண்தூறலில் பல துளிகள் அதற்குக் கேட்பதே இல்லை. பெருந்துளி மழையில் அது கூட்டிச் சொல்லவும் கூடும். உங்கள் 52-இல் எவ்வளவு உண்மை என்பதை அந்த உருளைப் பாத்திரம் சொல்லிவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஒவ்வொரு மழைக்கும் மூன்று எண்களையும் எழுதுங்கள். பக்கத்திலேயே தூறலா, நிதான மழையா, கொட்டு மழையா, காற்று இருந்ததா என்றும் ஒரு வார்த்தை. பிறகு கருவியின் எண்ணைப் பாத்திரத்தின் எண்ணால் வகுத்துப் பாருங்கள், மழை வகைவாரியாகத் தனித்தனியாக. 2 மில்லிமீட்டருக்குக் குறைவான மழையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்; அங்கே ஒரே ஒரு சாய்வு கூடினாலும் குறைந்தாலும் பத்து சதவீதம் ஆடிவிடும். என் நோட்டில் பீசோவின் விகிதம் தூறலில் ஒன்றுக்கு வெகுவாகக் கீழேயும், கொட்டு மழையில் ஒன்றுக்கு மேலேயும் இருக்கிறது. மாதக் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, கருவி அருமையாக வேலை செய்கிறது என்று நினைத்திருப்பேன்.

கேள்வி: அசையும் பாகமே இல்லை, அடைப்பு வராது என்பதால் பீசோ வகைக்கு மாறிவிடலாம் என்று இருக்கிறேன். சரியா?

பதில்: ஏறிச் சுத்தம் செய்ய முடியாத இடம் என்றால் மாறுங்கள். மழை தொடங்கிய நொடியைச் சொல்வதில் அது நல்ல கெட்டிக்காரன். சாயும் வாளி, முதல் வாளி நிரம்பும்வரை வாய் திறக்காது. ஆனால் மொத்த மழை எவ்வளவு என்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் வாளியை விடாதீர்கள். மாதம் ஒருமுறை புனலைக் கழற்றிப் பாருங்கள். ஒருமுறை என் வாளிக்கு அடியில் சிலந்தி வலை பின்னியிருந்தது, விரலில் ஒட்டினால்கூடத் தெரியாத மெல்லிய இழை. வாளி பாதி சாய்ந்த நிலையில் அப்படியே நின்றுபோய், ஒரு நாள் மழை முழுவதும் திரையில் பூஜ்யமாகப் பதிவாகிவிட்டது. பக்கத்தில் உருளை இருந்ததால் அந்த நாளின் கணக்கு தப்பியது.

கேள்வி: மழையே இல்லாத நாளில் காலையில் 0.2 மில்லிமீட்டர் காட்டுகிறது. கருவி கெட்டுவிட்டதா?

பதில்: சாயும் வாளி வகை என்றால் பெரும்பாலும் பனியாக இருக்கும். முந்தைய மழையில் வாளி முக்கால்வாசி நிரம்பி நின்றிருக்கும், இரவில் புனலில் படிந்த பனி வழிந்து மிச்சத்தை நிரப்பியிருக்கும். பீசோ என்றால் கம்பத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டியதும் எண் ஏறினால், கம்பத்தை இன்னும் உறுதியாக ஊன்ற வேண்டும்.